சரக்குக் கப்பலும் போர்க்கப்பலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசை முறை எதுவும் கிடையாது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை ஆரம்பித்தால் நிறுத்த மனசு வரவில்லை.

மெர்ச்சண்ட் நேவியில் சேர்ந்தால் சண்டைக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். அது வணிகக் கப்பல்களில் பார்க்கும் சிவில் வேலை. சம்பளம் தருவது கப்பல் கம்பெனி, ஒப்பந்தம் சில மாதங்களுக்கு, முடிந்ததும் வீடு. இந்தியாவில் அதைக் கவனிப்பது மும்பையில் இருக்கும் டி.ஜி. ஷிப்பிங் (கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர்) அலுவலகம். கடற்படையோ பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பையன் நேவியில் இருக்கான்" என்று சொல்லிக் குழப்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பீரங்கி இருந்தால் போர்க்கப்பல், இல்லாவிட்டால் வணிகக் கப்பல். சரிதானே?

இல்லை. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் 29-ஆவது பிரிவு போர்க்கப்பல் எது என்று சொல்கிறது. அது ஒரு நாட்டின் ஆயுதப் படைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அந்த நாட்டை அடையாளம் காட்டும் வெளிக்குறிகள் வேண்டும். தலைமை தாங்குபவர் அரசால் முறையாக நியமிக்கப்பட்டு, படை அதிகாரிகள் பட்டியலில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். சிப்பந்திகள் படை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க வேண்டும். பிரிவு முழுக்கத் தேடினாலும் பீரங்கி பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அதாவது கப்பலை வகைப்படுத்துவது கொடியும் காகிதமும் தலைமையில் இருக்கும் ஆளும்தான், அதன் உடல் அமைப்பு அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிப் போர்க்கப்பல் 45,000 டன், எவர் கிவன் சரக்குக் கப்பல் 2 லட்சம் டன் என்கிறார்களே. அவ்வளவு வித்தியாசமா?

இரண்டும் ஒரே அளவை இல்லை. போர்க்கப்பலுக்குச் சொல்லும் டன், அது விலக்கும் தண்ணீரின் எடை. அதாவது கப்பலின் மொத்த எடை. சரக்குக் கப்பலுக்குச் சொல்வது பெரும்பாலும் அது எவ்வளவு சுமக்கும் என்பது: சரக்கு, எரிபொருள், குடிதண்ணீர் எல்லாம் சேர்த்து. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட எவர் கிவனுக்கு இந்தக் கணக்கில் சுமார் 2 லட்சம் டன். கப்பலின் சொந்த எடை இதில் சேராது. மூன்றாவதாகக் 'கிராஸ் டன்னேஜ்' என்று ஒன்று இருக்கிறது. பெயரில் டன் இருந்தாலும் அது எடையே இல்லை; கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் எண். பல கட்டணங்களும் விதிகளும் அதை வைத்துத்தான்.

நீளத்தில் ஒப்பிடுவது எளிது. விக்ராந்த் 262 மீட்டர், எவர் கிவன் 400 மீட்டர். 2025 ஜூனில் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த எம்.எஸ்.சி. ஐரினா என்ற கன்டெய்னர் கப்பலும் அதே நீளம்தான். இருபதடிக் கன்டெய்னர் கணக்கில் 24,346 பெட்டிகள் ஏற்றும். கன்டெய்னர் கப்பலின் கதை தொடங்கியபோது, 1956 ஏப்ரலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் இருந்தவை 58 பெட்டிகள்.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டம், நடுவில் கோடு, பக்கத்தில் ஏணி மாதிரி கோடுகள். அது என்ன?

எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதற்கான எல்லைக் கோடு. சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வருடக்கணக்காகக் கத்தி, 1876-இல் சட்டமாக்க வைத்தார். அதற்கு முன்பு சில முதலாளிகள் அளவுக்கு மீறி ஏற்றி அனுப்புவார்கள். கப்பல் மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம் வரும், மாலுமி போனால் போனதுதான்.

ஏணிக்கோடுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு: வெப்பமண்டலம், கோடை, குளிர்காலம், நன்னீர் என்று. நன்னீர் அடர்த்தி குறைவு, அதனால் அதே சுமையோடு ஹூக்ளி ஆற்றுக்குள் நுழையும் கப்பல் கடலில் இருந்ததைவிடக் கொஞ்சம் கீழே அமிழும். குளிர்கால வட அட்லாண்டிக்கின் கோடுதான் எல்லாவற்றுக்கும் கீழே. அங்கே அலை மோசம், அதனால் குறைவாகத்தான் ஏற்ற வேண்டும். போர்க்கப்பலில் இந்த வட்டத்தைத் தேடாதீர்கள். சர்வதேச ஒப்பந்தமே அவற்றுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது.

கப்பலின் பின்பக்கம் 'பனாமா' என்று எழுதியிருக்கிறது. பனாமாவிலிருந்து வருகிறதா?

வாழ்நாளில் பனாமா பக்கமே போகாமலும் இருக்கலாம். பதிவு அங்கே, அவ்வளவுதான். வரி குறைவு, விதிகள் வசதி, எந்த நாட்டு ஆளையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சுமக்கும் திறனை வைத்துப் பார்த்தால், இன்று உலகக் கப்பல்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு பதிவாகியிருப்பது லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று கொடிகளின் கீழ்.

மறுபடியும் எவர் கிவனையே எடுங்கள். கொடி பனாமா, உரிமையாளர் ஜப்பான் கம்பெனி, வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவானின் எவர்கிரீன், பராமரிப்பு நிர்வாகம் ஜெர்மன் கம்பெனி, கப்பலில் இருந்த 25 பேரும் இந்தியர்கள், மாட்டிக்கொண்டது எகிப்தில். விபத்து நடந்தால் யாரைப் பிடிப்பது என்று வக்கீல்களுக்கு வருடக்கணக்கில் வேலை.

பெயரை மாற்றிவிட்டால் பழைய கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணை வைத்து. கப்பல் கட்டும்போது கொடுக்கும் ஏழு இலக்க எண்; பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் உடைக்கும்வரை அது மாறாது. அதில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எவர் கிவனின் எண் 9811000. 63, 48, 5, 4, அப்புறம் இரண்டு பூஜ்யம், கூட்டினால் 120. கடைசி இலக்கம் பூஜ்யம், சரியாக இருக்கிறது. கப்பல் வேலை என்று யாராவது காகிதம் நீட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போலி எண்ணைத் தயாரிக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

சோழர்களிடம் போர்க்கப்பல் படை இருந்ததா?

படை கடல் கடந்து போனது உறுதி. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்து வெற்றியைச் சொல்லும் பகுதி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்றே தொடங்குகிறது. காலம் 1025-ஐ ஒட்டி. ஆனால் அந்தக் கலங்கள் எப்படி இருந்தன, எத்தனை தளம், எத்தனை துடுப்பு என்பதை அது சொல்லவில்லை. இணையத்தில் வகைவகையாகப் பெயர் போட்டுச் சுற்றும் சோழர் கப்பல் பட்டியல்களுக்கு யாரும் கல்வெட்டுச் சான்று காட்டிப் பார்த்ததில்லை.

என் அனுமானம், போருக்கென்றே கட்டிய தனிக் கப்பல்களைவிட வணிகர்களின் மரக்கலங்களே அதிகம் போயிருக்கும். அதே கடல்வழியில் தமிழ் வணிகர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். சுமத்திராவின் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு அங்கே கூடி, மரக்கல நாயனும் (கலத்தின் தலைவன்) கப்பல் ஆட்களும் கஸ்தூரியின் விலையை வைத்துப் பொன்னாகத் தீர்வை கட்ட வேண்டும் என்று விதித்ததைச் சொல்கிறது. வழி தெரிந்தவனும் கலம் வைத்திருந்தவனும் வணிகன்தான்.

வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி ஏன் தோற்றது?

தூத்துக்குடி–கொழும்பு வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல்; கொடுத்தவரை மிரட்டி அதை நிறுத்தினார்கள். அப்புறம்தான் சங்கம் சொந்தமாகவே காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களை வாங்கி 1907-இல் கொண்டுவந்தது.

அதன்பின் கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது; சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. அவர்கள் இலவசம் என்றார்கள், கூடவே ஒரு குடையும் தருவதாகச் சொன்னார்கள். அப்படியும் கூட்டம் சுதேசிக் கப்பலுக்கே வந்தது. ஆனால் நஷ்டத்தில் எவ்வளவு நாள் ஓட்டுவது என்பது பண பலத்தைப் பொறுத்தது. அவர்கள் பல துறைமுகங்களில் சம்பாதித்ததைத் தூத்துக்குடியில் இழக்கலாம். இவருக்கு இருந்ததே இந்த ஒரு வழிதான்.

கடைசி அடி கடலில் விழவில்லை. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார், அடுத்த நாள் திருநெல்வேலி கலவரமானது, அவருக்குக் கிடைத்தது கொடும் தண்டனை. நடத்த ஆள் இல்லாத கம்பெனியை 1911-இல் கலைத்தார்கள். அவர் வெளியே வந்தது 1912 கடைசியில். எந்தப் போர்க்கப்பலும் தேவைப்படாமல் ஒரு வணிகக் கப்பல் படையையே அடித்து முடித்த கதை இது.

எம்டன் சென்னைக்கு ஏன் வந்தது? ஒரே ஒரு கப்பல் எப்படி அத்தனை நாள் தப்பித்தது?

எஸ்.எம்.எஸ். எம்டன் 1908-இல் டான்ஸிக்கில் நீரில் இறக்கப்பட்ட ஜெர்மன் இலகு குரூசர், அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல். 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். 1914-இல் போர் தொடங்கியபோது அது கிழக்கே, சீனாவின் சிங்டாவ் தளத்தைச் சேர்ந்திருந்தது. முதல் வேலையாக ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலைப் பிடித்துச் சிங்டாவ் கொண்டுபோனது. ஜெர்மானியர்கள் அதில் பீரங்கி பொருத்தி, கோர்மோரான் என்று பெயர் வைத்து, கொடியை மாற்றிப் போர்க்கப்பலாக்கினார்கள். நேற்றுவரை அது ஆளும் தபாலும் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல்.

வங்கக் கடலுக்கு எம்டன் வந்தது வணிகக் கப்பல்களை வேட்டையாட. இங்கே அதற்கு ஒரு தளம்கூடக் கிடையாது. நிலக்கரி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. மார்கோமானியா என்ற ஜெர்மன் வணிகக் கப்பல் கரி ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தது. மிச்சத்தைப் பிடித்த கப்பல்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நடுக்கடலில் இரண்டு கப்பலையும் ஒட்டி நிறுத்தி, மூட்டை மூட்டையாகக் கையால் மாற்ற வேண்டும். அந்த வெயிலில், கரித்தூசியில். கிரேக்கக் கப்பல் போன்டோபோரோஸில் கிடைத்தது இந்திய நிலக்கரி. புகை அதிகம், தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிற்பாடு புரெஸ்க் என்ற கப்பல் பிரிட்டிஷ் கடற்படைக்கென்று நல்ல வேல்ஸ் நிலக்கரியோடு ஹாங்காங் போய்க்கொண்டிருந்தபோது மாட்டியது. முல்லருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை.

பிடித்த கப்பலில் இருந்தவர்களைக் கொல்வதில்லை. காபிங்கா என்ற கப்பலின் சரக்கு அமெரிக்கருடையது, அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. மூழ்கடித்தால் நஷ்ட ஈடு கேட்பார்கள். அதனால் மற்ற கப்பல்களின் ஆட்களை எல்லாம் அதில் ஏற்றிப் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று புகைபோக்கி கொண்ட எம்டன், பிரிட்டிஷ் குரூசர் மாதிரித் தெரிவதற்காகக் கித்தானில் நான்காவது ஒன்றையும் கட்டி வைத்திருந்தது.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி அளவில் சென்னைக்கு வந்தது. குறி, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிவாங்கியது. ராணுவக் கணக்கில் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஊர் காலியானது. கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே வரப் பயந்தன. வந்த காரியமே அதுதான். உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

அக்டோபர் 28-இல் பினாங்கில் ஒரு ரஷ்யக் குரூசரையும் ஒரு பிரெஞ்சு டெஸ்ட்ராயரையும் மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்கப் போனபோது, கரையில் இருந்தவர்கள் அந்தப் போலிப் புகைபோக்கியைக் கவனித்துவிட்டார்கள். தந்தி பறந்தது. பக்கத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவல் வந்த சிட்னி குரூசர் திரும்பி வந்து, தன்னுடைய பெரிய பீரங்கிகளால் எம்டனை அடித்தது. தரை தட்டவிட்டுச் சரணடைந்தார்கள். கரையில் மாட்டிய ஜெர்மன் குழு ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பியது வேறு கதை.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரா?

இல்லை, அது வெறும் கதை. விடுதலைப் போராளியான அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். ஜூரிச்சிலிருந்து பெர்லினுக்குப் போன காலம் அது. எம்டனோ சிங்டாவிலிருந்து பசிபிக் வழியாக வங்கக் கடலுக்கு வந்தது, ஐரோப்பாப் பக்கமே போகவில்லை. அவர் எங்கே ஏறியிருக்க முடியும்?

போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களை அரசு எடுத்துக்கொள்ளுமா?

எடுத்துக்கொள்ளும், போதாவிட்டால் கட்டியும் தள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல்களைக் கட்டியது. ஆணியடித்து இணைப்பதை விட்டு வெல்டிங்கில் ஒட்டினார்கள். ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பல் நாலரை நாளில் தயாரானது, ஆனால் அது விளம்பரத்துக்காகச் செய்த வித்தை. குளிர்ந்த கடலில் சில கப்பல்களின் இரும்புத் தகடு விரிசல் விட்டதும் உண்மை. எண்ணிக்கைதான் முக்கியம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இந்தியாவில் இதன் கோர முகம் பம்பாய் துறைமுகத்தில் தெரிந்தது. 1944 ஏப்ரல் 14-இல் ஃபோர்ட் ஸ்டைக்கைன் என்ற சரக்குக் கப்பல் வெடித்தது. பருத்தி, வெடிமருந்து, தங்கக்கட்டி எல்லாம் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பருத்தியையும் வெடிமருந்தையும் அருகருகே வைக்க அமைதிக் காலத்தில் எவனும் சம்மதிக்க மாட்டான். இறந்தவர்கள் பல நூறு பேர். ஏப்ரல் 14-இல் தீயணைப்பு வாரம் தொடங்குவது அன்று இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக.

அர்ஜென்டினாவுடன் நடந்த 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் அட்லாண்டிக் கன்வேயர் என்ற கன்டெய்னர் கப்பலை எடுத்துக்கொண்டு, ஹாரியர் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஏற்றியனுப்பியது. மே 25-இல் எக்ஸோசெட் ஏவுகணை தாக்கி 12 பேர் இறந்தார்கள். ஹாரியர்கள் முன்னரே இறங்கிவிட்டன. மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் கப்பலோடு போயின. அதனால் தரைப்படை தீவின் குறுக்கே நடந்தே போக வேண்டியதாயிற்று.

வல்வெட்டித்துறைக் கப்பல் அமெரிக்கா போனது உண்மையா?

உண்மை. அன்னபூரணி, இலங்கையின் யாழ்ப்பாணப் பக்கத்தில் உள்ள அந்த ஊர்க் கைவினைஞர்கள் கட்டிய மரப் பாய்க்கப்பல். ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக அட்லாண்டிக் கடந்து ஓட்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பாய் மட்டும்தான் நம்பிக்கை.

தூத்துக்குடித் தோணி அதற்குத் தூரத்து உறவு. இன்று அதில் இன்ஜின் இருக்கிறது; காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறது.

ரஜுலா கப்பல் என்று தாத்தா சொல்வாரே?

1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய பயணிகள் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நடுவே போர் வந்தபோது படையினரையும் ஏற்றியது. மலேயா போன குடும்பங்களில் 'டெக் டிக்கெட்' (கப்பல் தளத்திலேயே படுத்துப் போகும் மலிவு டிக்கெட்) கதை இல்லாத வீடு அபூர்வம். பின்னால் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்து, அதோடு அதன் பயணம் முடிந்தது.

போர்க்கப்பல் ஏன் வேகமாகப் போகிறது?

காசு பார்க்காததால். வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். சரக்குக் கப்பலுக்கு எரிபொருள்தான் பெரிய செலவு. அதனால் நிமிடத்துக்கு எண்பது, நூறு சுற்று மட்டும் சுற்றும் பிரம்மாண்ட டீசல் இன்ஜினை வைத்துக்கொண்டு நிதானமாகப் போகும். போர்க்கப்பலுக்கு அந்தக் கணக்கு இல்லை: விக்ராந்தில் இருப்பது நான்கு கேஸ் டர்பைன்கள்.

இன்றைக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வருகிறதா?

வருகிறது, அதுவும் நம் கரையிலேயே. சோமாலியக் கடற்கொள்ளைக்குப் பயந்து சரக்குக் கப்பல்களில் ஆயுதக் காவலர் ஏறிய காலம். 2012 பிப்ரவரி 15-இல் என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கேரளக் கடலில் மீன்பிடிப் படகைக் கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டு, மீனவர் இருவர் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கப்பல் வணிகக் கப்பல். சுட்டது அரசின் படைவீரர். அப்படியானால் விசாரிப்பது யார்? நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசத் தீர்ப்பாயம் 2020-இல், வீரர்களுக்கு இந்திய நீதிமன்றத்திலிருந்து விலக்கு உண்டு, இத்தாலி நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் கட்டிய பிறகு உச்ச நீதிமன்றம் 2021-இல் வழக்கை முடித்தது.

2013 அக்டோபரில் கடலோரக் காவல்படை சீமேன் கார்ட் ஓஹியோவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கம்பெனி, சியரா லியோன் கொடி, 35 பேர், ஏராளமான துப்பாக்கி. கப்பல்களுக்குக் காவலர் அனுப்பும் மிதக்கும் ஆயுதக் கிடங்கு. இங்கே யாரும் படைவீரர் இல்லை, அதனால் எந்த அரசின் விலக்கும் கிடையாது. தூத்துக்குடி நீதிமன்றம் 2016-இல் ஐந்தாண்டு தண்டனை விதித்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 நவம்பரில் விடுதலை செய்தது. என்ரிகா லெக்சியில் இருந்தவர்கள் கையில் அரசின் காகிதம் இருந்தது, இவர்களிடம் இல்லை. இரண்டு வழக்குகளும் போன பாதை வேறானதற்கு அது போதும்.

பழைய கப்பலை என்ன செய்வார்கள்?

குஜராத்தின் ஆலங் கடற்கரையில் ஏற்றி உடைப்பார்கள். போர்க்கப்பலுக்கும் கதி அதுதான்: 1971 போரில் வங்கக் கடலில் நின்ற பழைய விக்ராந்த் மும்பையிலேயே உடைபட்டது. பிரான்ஸின் கிளமன்சோ விமானந்தாங்கிக் கப்பல் 2006-இல் ஆலங்குக்கு வரும் வழியில், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்ற எதிர்ப்பால் திரும்பிப் போனது.

கப்பல் வேலைக்கு ஏஜென்ட் லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்களின் தளத்திலேயே சரிபார்க்கலாம். உரிமம் உள்ளவர்கள் வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்குவது சட்டப்படி குற்றம். சி.டி.சி. புத்தகம் (மாலுமியின் அடையாள, பணிப் பதிவேடு), பயிற்சிச் சான்றிதழ், மருத்துவத் தகுதி, இதெல்லாம் உங்கள் செலவு. இதைத் தாண்டி யாராவது கேட்டால், எந்தக் கப்பல், என்ன கொடி, ஐ.எம்.ஓ. எண் என்ன என்று கேளுங்கள்.